மாத்திரை உறையில் கிழமையை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் கணவருக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சொரியாசிஸ் இருக்கிறது. முழங்கையிலும் முதுகிலும் தோல் தடித்துச் சிவந்து, வெள்ளைச் செதில்களாக உதிரும் இந்நோய் யாருக்கும் தொற்றாது. அடியோடு தீர்ந்துவிடுவதும் இல்லை. வெறும் களிம்பால் அடங்காத நிலையில், தோல் மருத்துவர் பூசுவதற்குக் கால்சிபோட்ரியாலும் பீட்டாமெத்தசோனும் கலந்த களிம்பையும், உட்கொள்ள மெத்தோட்ரெக்சேட்டையும், அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தார். ஆறு மாதங்களில் முதுகு ஏறக்குறைய முழுவதும் தெளிந்தது.

இந்தக் கூட்டு மருத்துவத்தில் ஒரு நுட்பம் உண்டு. சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரே நாள்தான், பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை, உட்கொள்ள வேண்டும். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மருந்துக்கடை ஒன்றில் மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம் ஆகிய இரண்டு மாத்திரைகளையும் ஒரே காகித உறையில் போட்டு, மேலே "1-0-0" (அதாவது, காலையில் மட்டும் ஒன்று) என்று மட்டும் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டுமே சிறிய மஞ்சள் மாத்திரைகள். அவரும் இரண்டையும் நாள்தோறும் காலையில் விழுங்கியிருக்கிறார். ஆறாம் நாள் வாயெல்லாம் புண்ணாகி, தயிர்சாதம்கூட உள்ளே இறங்கவில்லை. இரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்திருந்ததால் மருத்துவமனையில் சேர்த்து, நச்சுமுறிவு மருந்து ஏற்றித்தான் காப்பாற்றினார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உடல் தேறியபின் மருத்துவரே மறுபடியும் தொடங்கினார். உரிய இடைவெளியில் இரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதித்துக்கொண்டு என் கணவர் இன்றுவரை நலமாக இருக்கிறார். தவறு மருந்தில் இல்லை, அந்த உறையில்தான் இருந்தது.

பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, எந்தக் கிழமை என்பதை மருந்துச் சீட்டில் சுருக்கமின்றி முழுமையாக எழுத வேண்டும் என்று 2020-ல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. நம் மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் "திங்கட்கிழமை மட்டும்" என்று தமிழில் எழுதிக் கொடுப்பதையும், ஃபோலிக் அமிலத்தைத் தனி உறையில் தருவதையும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
தஞ்சாவூர்.