படுக்கும் முன் ஒரு நம்பர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். விசேஷமாக ஒன்றும் இல்லை. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதுவும் பன்னிரண்டு நாளாக இல்லை. செல்வம் புனே வருகிறான், அவனிடம் கொடுத்துவிடலாமே என்றுதான் எழுதுகிறேன். பையில் இருக்கும் கோவில்பட்டி கடலை மிட்டாய் உன் கூட இருக்கிற பிள்ளைகளுக்கு. உனக்கு அடியில் ஆறு பாக்கெட் குளுக்கோஸ் பொடி வைத்திருக்கிறேன். சுகர் இறங்கும்போது மிட்டாய், சாக்லேட் எல்லாம் ஆகாது. கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். மூன்று ஸ்பூன் பொடி, கால் மணி நேரம், மறுபடி குத்திப் பார். தெரியும் என்பாய். தெரியட்டும்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் விசிட்டிங் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இப்ப என் மக பேரு கண்ணாடி இல்லாமத் தெரியுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் வேப்பமரத்தை... சரி, அதை அப்புறம் சொல்கிறேன். படுக்கும் முன் பார்க்கிறாயா?

போன வாரம் நம் டாக்டரிடம் போயிருந்தேன். என் பிரஷர் மாத்திரைக்காகத்தான். பேச்சு உன் பக்கம் வந்தது. முன்பெல்லாம் சுகர் 70-க்கு வந்தாலே உனக்குக் கை நடுங்கும், மேலுதடு வியர்க்கும். அட்ரினலின் செய்கிற வேலை அது என்று நானே உனக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அடிக்கடி இறங்கினால் மூளை அதற்கே பழகிவிடுமாம். 70-இல் அடிக்க வேண்டிய மணி 50-இல் அடிக்கும், சிலருக்கு அடிக்கவே அடிக்காது. 54-க்குக் கீழே போனால் மூளைக்கே தீனி பற்றாது. சர்க்கரை டப்பாவை எடு என்று சொல்ல வேண்டியதே அதுதானே, பாப்பா? இரண்டு மூன்று வாரம் ஒருமுறைகூட இறங்காமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அந்த உணர்வு திரும்பிவிடுகிறது என்றார். இன்சுலின் ஊசி அளவை உன் டாக்டரிடம் கேட்டு மாற்று. நீயாகக் குறைக்காதே. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. படுக்கும் முன் பார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து என் பழைய விலங்கியல் நோட்டை எடுத்தேன். 28 வருடம் பிளஸ் டூவுக்கு வேகஸ் நரம்பு நடத்தியிருக்கிறேன். அம்புக்குறியை மேலிருந்து கீழேதான் போடுவேன். மூளை உத்தரவு போடும், இதயமும் இரைப்பையும் கேட்டு நடக்கும் என்று. அந்த நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை என்று இப்போதுதான் படிக்கிறேன். இத்தனை பிள்ளைகளுக்கு அம்பைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன், ஒருத்தியும் கேட்கவில்லை! "ஒரு மாதிரி இருக்கு", "என்னவோ செய்யுது" என்கிறோமே, அது சும்மா வாய் வார்த்தை இல்லை. அந்தச் சேதிகள் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று இன்சுலா. மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். பசி, தாகம், படபடப்பு எல்லாம் நமக்கு உறைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. இன்சுலா என்றால் லத்தீனில் தீவு. உன் இன்சுலினும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான், கணையத்துக்குள் தீவு தீவாக இருக்கிற செல்களால். டீச்சர் புத்தி போகாது எனக்கு.

ஆனால் அதுக்காக நான் நோட்டை எடுக்கவில்லை.

சாத்தூர் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினாலு வயது, அரக்குப் பட்டுப்பாவாடை. பந்தியில் இலை போட்டுவிட்டார்கள், சோறு வரவில்லை. நீ ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய். மேலுதட்டில் பொடிப் பொடியாக வியர்வை. "ஒரு மாதிரி இருக்கும்மா" என்றாய். எதிர் வரிசையில் சம்பந்தி வீட்டார். உன் மணிக்கட்டை இலைக்கு அடியில் அழுத்திப் பிடித்து, முந்தானையால் உன் உதட்டைத் துடைத்துவிட்டு, "சிரி, எல்லாரும் பாக்கிறாங்க" என்றேன். என் கைப்பையில் குளுக்கோஸ் இருந்தது. திறக்கவில்லை. பாயசம் வரும்வரை நீ சிரித்துக்கொண்டே இருந்தாய்.

அந்த ஒருநாள் மட்டுமா? ஸ்கூல் ஆண்டுவிழா, குலதெய்வம் கோயில், வேலூர் சித்தி வீடு. நாளைக்கு யாராவது பெண் கேட்டு வரும்போது பேச்சு வந்துவிடக் கூடாது என்று பயம். டாக்டரிடம் இதையும் சொன்னேன். மூளை பழகிக்கொள்வது தானாக நடப்பது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். இருக்கலாம். போன வருடம் கையில் ஒட்டிச் சுகர் பார்க்கிற சென்சார் மாட்டிக்கொள் என்றதற்கு, கையில் தெரிகிறது என்று கழற்றிவிட்டாய். உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று ராத்திரிதான் உறைத்தது.

பென்ஷன் அரியர் வந்திருக்கிறது. சென்சாருக்கு நான் தருகிறேன். முழுக்கைச் சட்டை வேண்டாம், தெரிந்தால் தெரியட்டும்.

அப்புறம், அன்றைக்குச் சுகர் இறங்கி, குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்த உன் கன்னத்துக்குள் சர்க்கரை தடவினாளே, உன் கூட இருக்கிற அந்தப் பிள்ளையைத் திட்டாதே. அவளாகச் சொல்லவில்லை, நான்தான் போன் பண்ணிக் குடைந்தேன். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மராத்தியில் அழுதாள், பாவம்.

செல்வம் வாசலில் ஹார்ன் அடிக்கிறான். பேச வேண்டாம், பாப்பா. படுக்கும் முன் அந்த நம்பரை மட்டும் அனுப்பு. 140 என்றால் 140, 62 என்றால் 62. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அம்மா