கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குக் குடும்பங்களை அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு

வணக்கம்.

உங்கள் பயணத் திட்டத்தில் இருக்கும் “பிக் ஃபைவ் உறுதி” (சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தும் கண்ணில் படும்), “மாரா ஆற்றை மந்தை கடப்பதை நேரில் காணலாம்” என்ற இரண்டு வரிகளையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 2024 ஜூலை முதல், ஜூலை–டிசம்பர் பருவத்தில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணமே நாளுக்கு 200 டாலர். அவ்வளவு கொடுத்தவர்கள், சொன்னதைக் காட்டு என்று ஓட்டுநரைத்தான் நச்சரிப்பார்கள். காப்பகத்தின் விதி அங்கேதான் உடைகிறது.

ஒரு விலங்கைச் சுற்றி 5 வண்டிக்கு மேல் கூடாது. பின்னால் ஆள் காத்திருந்தால் 10 நிமிடத்தில் நகர வேண்டும். சிவிங்கிப்புலிக்கு இது சாப்பாட்டுப் பிரச்சினை. அது பகலில், கண்ணை நம்பி வேட்டையாடுவது. கரையான் புற்றின் மேல் நின்று தூரத்து மானை அளந்துகொண்டிருக்கும் தாயின் முன்னால் வண்டி வந்து நின்றால், அது இறங்கிப் புல்லில் படுத்துவிடும். மானும் போய்விடும், குட்டிகளுக்குப் பட்டினி. மாராவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், சுற்றுலா மிகுந்த இடங்களில் ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிதான் வளர்ந்து தனித்துப் போனது. குறைந்த இடங்களில் 2.3.

ஆற்றங்கரையிலும் இதே கதைதான். வில்டபீஸ்ட் எனும் பெரிய மான்களின் மந்தை மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பியும் போகும். முதல் விலங்கு தண்ணீரில் இறங்கும்வரை வண்டிகள் தள்ளியே நிற்கட்டும். ஏறும் துறையை அடைத்து நின்றால், அவை செங்குத்துக் கரையில் ஏறப் பார்த்துச் சறுக்கி விழும்.

நைரோபியிலிருந்து சாலையில் ஐந்தாறு மணி நேரம். இரண்டு இரவுத் திட்டத்தில் முழுதாகக் கிடைப்பது ஒரே பகல். அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணம். குழந்தைகள் இருந்தால் மூன்று இரவாவது வையுங்கள். விடியலில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, நடுவே தூக்கம். நீலம், கறுப்பு உடை வேண்டாம். கடிக்கும் செட்சீ ஈயை இழுக்கும். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். பணம் வாங்கும் அன்றே இதைச் சொல்லிவிடுங்கள்.

அங்கே வாழும் மசாய் மக்களின் குடியிருப்புக்கு அரை மணி நேரமும் ஒரு குதிநடனமும் போதாது. மாடுகள் பட்டிக்குத் திரும்பும் மாலையில் போங்கள். சாணமும் மண்ணும் பூசிய அந்தத் தாழ்ந்த வீடுகளைக் கட்டுபவர்கள் பெண்கள். எப்படிக் கட்டினார்கள் என்று அவர்களிடமே கேட்கலாம். பெரியவர் முன் பிள்ளைகள் தலை குனிவார்கள், அவர் உச்சியில் கை வைப்பார்; வண்டியிலேயே நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வணக்கமாக “சோபா” என்று சொன்னால் பதில் “இபா”. அனுமதி கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கட்டணத்தை ஓட்டுநர் கையில் கொடுக்காமல், குடியிருப்பின் பொறுப்பாளரிடம் எல்லோர் முன்னிலையிலும் எண்ணிக் கொடுங்கள்.

அடுத்த ஜூலைக்கான திட்டத்தை அச்சுக்கு அனுப்பும்போது, எடுத்த இரண்டு வரிகளின் இடத்தில் இதைப் போடுங்கள்: “எங்கள் ஓட்டுநர் ஆறாவது வண்டியாக நிற்க மாட்டார்.”