430-க்கு இறங்கி வந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நம் நாட்டுப்பாட்டுகளை ஒரு ராக் குழுவோடு சேர்ந்து நான் பாடிய ஆல்பம் வெளியாகி இன்றோடு 4 நாள். இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை, நடுராத்திரியில் எழுந்து போனை எடுத்து, பாட்டெல்லாம் அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுதப் போவதில்லை. முதல் பதிவு கைவிட்டுப் போன அன்று "இதோடு போதும்" என்று நான் போட்ட ஒற்றை வரிக்கு வந்த பதில்கள் அத்தனையையும் படித்தேன். ஒன்றுக்குக்கூட அன்று பதில் எழுத முடியவில்லை. இந்த மடல் அதற்கும் சேர்த்துத்தான்.

நன்றி என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கிட்டார் வாசித்த தம்பி செய்த ஒரு காரியம். பெயரைப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன்.

நான் பாடக் கற்றது பெரியம்மாவிடம். சுருதிப்பெட்டி, ஆர்மோனியம் எதுவும் கிடையாது. அவர் ஆரம்பிப்பார், நான் அவர் குரலில் போய் ஒட்டிக்கொள்வேன், அவ்வளவுதான் பாடம். அப்புறம் இத்தனை வருடம் குழுவில் பாடியபோதும் எடுத்துக்கொடுக்கிறவர் எடுப்பதுதான் சுருதி, மற்றவர்கள் அங்கே வந்து சேருவார்கள். எத்தனை கட்டை, அதாவது எந்த உயரத்தில் பாடுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. முதல் பதிவில் இதுதான் பெரிய குற்றமாகிப் போனது. நான் பாடிய தாலாட்டைக் கணினியில் போட்டு, ஒவ்வொரு ஸ்வரமாக இழுத்து நேராக்கி, இப்போது கேளுங்கள் என்று கொடுத்தார்கள். கேட்டால் வேறு யாரோ பாடுவது போல இருந்தது. ஆனாலும் அவர்கள் சொன்னதை நம்பினேன். என் குரல் சுருதியில் நிற்கவில்லை, வயதாகிவிட்டது, என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அந்த மனதோடுதான் இந்த ராக் பசங்களிடம் போனேன். முதல் இரண்டு நாள் ஒத்திகை எனக்குப் பெரிய வேதனை. கிட்டாரில் ஒரு ஸ்வரத்தைக் கொடுப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பேன், இரண்டாவது அடிக்குள் குரல் தானாகக் கொஞ்சம் கீழே வந்துவிடும். நிறுத்துவார்கள். நான் மன்னிப்புக் கேட்பேன். மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் தொண்டை எரியும். யாரும் முகம் சுளிக்கவில்லை, ஆனால் அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் நாள் எல்லாம் சரியாகிவிட்டது! ஸ்வரம் எதுவும் கொடுக்காமல், "நீங்க பாட்டுக்கு ஆரம்பிங்கக்கா, நாங்க வந்து சேர்ந்துக்கறோம்" என்றார் தம்பி. ஆரம்பித்தேன், அவர்கள் வந்து சேர்ந்தார்கள், கடைசி வரை எங்கும் உரசல் இல்லை. நாலாம் நாளும் அப்படியே, ஐந்தாம் நாளும் அப்படியே. ஒருவழியாகப் பிடித்துவிட்டோம், குரல் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது என்று நினைத்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதேன்.

ஆறாம் நாள் கீபோர்டு வாசிப்பவர் வந்தார், அதுவரை அவர் வேறு வேலையில் இருந்தார். கீபோர்டில் இரண்டு கட்டைகளை அழுத்திப் பார்த்தவர் நிமிர்ந்து, "என்ன, எல்லாருமே இறங்கி இருக்கீங்க?" என்றார். அறையே அமைதியானது. நான் எழுந்து போய், கம்பிக்குச் சுருதி சேர்க்கத் தம்பி வைத்திருக்கும் ட்யூனரைப் பார்த்தேன். 430 என்று இருந்தது.

அது என்ன எண் என்று அன்றுதான் எனக்குச் சொன்னார்கள். இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலான வாத்தியங்கள் ஆறு கட்டை ஸ்வரத்தை நொடிக்கு 440 அதிர்வு என்று வைத்துக்கொண்டு சுருதி சேர்க்கின்றன. 1939-இல் லண்டனில் கூடிப் பேசி முடிவு செய்த அளவு அது, அதற்கு முன் ஊருக்கு ஊர் வேறாக இருந்ததாம். என் குரல் நிற்கிற இடம் ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே. கீபோர்டில் அப்படி ஒரு கட்டையே கிடையாது. 440-ஐ 430 ஆக்கினால் எல்லா ஸ்வரமும் கொஞ்சம் இறங்கி, ஐந்தரை என் இடத்துக்கு வந்துவிடும். இரண்டாம் நாள் இடைவேளையில் நான் எனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைத் தம்பி போனில் பதிவு செய்திருக்கிறார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. மூன்றையும் அளந்து பார்த்தால் மூன்றும் ஒரே இடம். அலைகிற குரல் அப்படி மூன்று தடவையும் ஒரே இடத்தில் வந்து நிற்காது என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது.

அதன்பின் தினமும் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, அவருடைய இரண்டு கிட்டார், இன்னொரு தம்பியின் கிட்டார், பேஸ் கிட்டார், மொத்தம் 22 கம்பிகளையும் இறக்கியிருக்கிறார்கள். இறக்கிய கம்பி உடனே நிலைக்காது, சற்று நேரத்தில் நகர்ந்துவிடும், திரும்பத் திரும்ப முறுக்க வேண்டும். சாயங்காலம் பேஸ் வாசிப்பவருக்கு வேறு குழுவோடு நிகழ்ச்சி, அதற்காக மறுபடி 440-க்கு ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார். இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க எங்களுக்காக மேல ஏறப் பாப்பீங்க, அதான்" என்றார் தம்பி. கீபோர்டுக்காரர் அதற்குள் தன் கருவியில் ஏதோ ஒரு அமைப்பைத் தேடி 430-க்கு மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல, "முதல் பாட்டு எடுக்கலாமா?" என்றார்.

இதைத் தட்டச்சு செய்யும்போதும் கை நடுங்குகிறது. ஒரு வருடம் சுமந்த பாரம் அது. அதை இறக்கிவைக்க அவர்கள் ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை, கம்பியைத்தான் திருகினார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள், அது உங்களுக்குக் காதில் விழுந்திருக்கும். ராக் கிட்டாரில் பவர் கார்டு என்று ஒன்று உண்டு, சட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப) மட்டும், நடுவில் காந்தாரம் (க) கிடையாது. ஒலியைக் கரகரப்பாக்கி வாசிக்கும்போது காந்தாரம் சேர்ந்தால் இரைச்சலாகும் என்று அவர்கள் தங்கள் காரணத்துக்காக வைத்துக்கொண்ட பழக்கம். எங்கள் பாட்டில் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்காது. ஏறும்போது ஓரிடம், இறங்கும்போது ஓரிடம், மனம் உடைகிற அடியில் இன்னும் கொஞ்சம் கீழே. அந்த இடத்தை அவர்கள் காலியாக விட்டதால் நான் என் இஷ்டத்துக்கு அங்கே போய் வர முடிந்தது. யோசித்துப் பார்த்தால் தம்புராவும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறது. இவ்வளவு சத்தமான வாத்தியத்துக்குள் இப்படி ஓர் இடம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

டிரம்ஸ் வாசித்தவருக்கும் இதே அளவு கடன். வேலை செய்யும்போது பாடுகிற பாட்டு இரண்டும் போகப் போக வேகம் பிடிக்கும், நிமிடத்துக்கு 92 தட்டில் ஆரம்பித்து 104-இல் முடிகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, காதில் டிக் டிக் என்று அடிக்கிற அந்தக் கிளிக்கை அணைத்துவிட்டு என் மூச்சைப் பார்த்து வாசித்தார். 1965 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், நாட்டுப்பாடகராக அறியப்பட்ட பாப் டிலன் மின்கிட்டாரோடு மேடையேறியபோது எழுந்த கூச்சலைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அவர்தான். கிட்டாரை எதிர்த்துக் கத்தியவர்களும் உண்டு, ஒலியமைப்பு சரியில்லாமல் குரலே கேட்கவில்லை என்று கத்தியவர்களும் உண்டாம். அதனால்தானோ என்னவோ, எங்கள் ஒலிக்கலவை செய்த அண்ணன் ஒவ்வொரு பாட்டையும் எனக்கு அனுப்பி, "சொல்லு எல்லாம் தெளிவா விழுதாம்மா?" என்றே கேட்டார். வேறு எதுவும் கேட்டதில்லை. நாட்டுப்பாட்டைக் கெடுத்துவிட்டாய் என்று எழுதியவர்களுக்கும் இதையே சொல்கிறேன், ஹெட்போனில் ஒருமுறை சொற்களை மட்டும் கேளுங்கள், அதன்பிறகும் வருத்தம் இருந்தால் எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

முன்பணம் கட்டிவிட்டு ஒரு தடவைகூட எப்போது வரும் என்று கேட்காத உங்களுக்கு, பதிவு நாட்களில் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட தோழிகளுக்கு, பாட்டு வரிகளைக் காது கொடுத்துக் கேட்டுப் பிழை திருத்திய ஆசிரியருக்கு, இரவல் மைக் தந்தவருக்கு, என் குழுவில் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசிய அக்காமார்களுக்கு, எல்லாருக்கும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் அது மறதி இல்லை, அழுகை.

பெரியம்மா குரல் உள்ள பழைய கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அவரும் இதே சுருதியில்தான் பாடினாரா என்று அளந்து சொல்லச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தேன். டேப் ஓடும் வேகம் மிஷினுக்கு மிஷின் மாறும், அதை வைத்துச் சொல்ல முடியாது அக்கா என்றார். பரவாயில்லை. எனக்கு வேறு எங்கிருந்தும் அந்தச் சுருதி வந்திருக்க வழியில்லை.

ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு நேராக 'மரபுப் பாடல்' என்று மட்டும் இருக்கிறது. அடுத்த பதிப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் நான் அதை யார் வாயிலிருந்து கற்றேனோ அவர் பெயர், அவர் வீட்டார் சம்மதித்தால், கட்டாயம் இருக்கும். இது நான் கொடுக்கிற வாக்கு. வாத்தியம் இல்லாமல் பாடிய பதிவுகளையும் இலவசமாக வைக்கப் போகிறேன்.

அப்புறம், வீட்டில் கூடவே வாசித்துப் பார்க்கிறோம், சேரவே மாட்டேன் என்கிறது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கிட்டாரில் ஒன்றும் கோளாறு இல்லை. ட்யூனரை 430-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், சேர்ந்துவிடும்.