அந்தப் பழைய சர்ச்சில் கழிந்த நாட்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பதின்பருவ நாவல்கள் பற்றி வந்த கட்டுரையில் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைத் தெருச்சண்டைக் கதை என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. அமெரிக்காவின் டல்சா நகரத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எஸ். இ. ஹின்டன் என்ற பெண் அதை எழுதத் தொடங்கும்போது அவருக்கு 15 வயது, 1967-ல் புத்தகம் வரும்போது 18. சண்டை இருக்கிறது, கத்திக்குத்தும் இருக்கிறது, சரி. ஆனால் அந்தப் பெண் சொல்ல வந்தது அது மட்டும்தானா?

கதையின் நாயகன் 14 வயது போனிபாய்க்குப் பெற்றோர் இல்லை, கார் விபத்தில் போய்விட்டார்கள். அண்ணன்கள் இருக்கிறார்கள், ஒரு பெரிய கூட்டாளிப் பட்டாளமே இருக்கிறது, ஆனாலும் படம் பார்க்கத் தனியாகத்தான் போகிறான், ஏனென்றால் அவன் ரசிப்பதுபோல் ரசிக்க அதில் யாரும் இல்லை. அவன் நண்பன் 16 வயது ஜானிக்கு அப்பா அம்மா இருந்தும் இல்லாத மாதிரி, அப்பாவிடம் அடிதான் மிச்சம். ஒரு கொலைக்குப் பிறகு இரண்டு பேரும் ஓடிப்போய்ப் பாழடைந்த சர்ச் ஒன்றில் ஒளிகிறார்கள். சாப்பாடு வாங்கப் போன ஜானி, போனிபாய் எப்போதோ ஆசைப்பட்டான் என்று ஞாபகம் வைத்திருந்து, 'கான் வித் த விண்ட்' புத்தகத்தையும் வாங்கி வருகிறான். இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் போகவில்லை.

ஜானி பள்ளியில் ஒரு வருஷம் ஃபெயிலானவன். வேகமாகத் திணித்தால் அவனுக்கு ஏறாது, வாத்தியார்கள் மக்கு என்று நினைத்திருப்பார்கள். அதே பையன்தான் போனிபாய்க்கே பிடிபடாத அர்த்தங்களை அந்தத் தடிப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்கிறான். அப்புறம் ஒரு விடியற்காலையில், நீ சொல்லிச் சொல்லித்தான் இந்த நிறங்களையும் மேகங்களையும் நான் கவனிக்கிறேன் என்கிறான். நாலு பேரோடு பழகு என்று ஒதுங்கியிருக்கும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, நாலு பேர் இவர்களுக்கும் இருந்தார்கள், ஆனால் இப்படி ஒரு பேச்சு அந்த சர்ச்சில்தான் வாய்த்தது.

கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி நூலகரும் மாணவர்களும் கையெழுத்துப் போட்டு சினிமா இயக்குநர் கொப்போலாவுக்கு எழுதிக் கேட்டதால்தான் 1983-ல் இது படமானது. வெறும் சண்டைக்காகவா பிள்ளைகள் அத்தனை ஆசையாகக் கேட்டிருப்பார்கள்?

இந்த நாவலைப் பற்றி மறுபடி எழுதும்போது ஜானி வாங்கி வந்த அந்தப் புத்தகத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருநெல்வேலி