அம்மாவிடம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லாதே, அம்மணி

பொள்ளாச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மா என் சமையலில் உப்பு சரியில்லை, புளி சரியில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நாக்கு பழையபடி திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள். போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அதனால்தான் எழுதுகிறேன். நீ கூப்பிடும்போதெல்லாம் "எந்திரிக்காதம்மா, நல்லா ரெஸ்ட் எடு" என்கிறாயே, அதை மட்டும் நிறுத்திக்கொள்.

நீ மட்டும் சொல்லவில்லை. உன் அத்தை வந்தாள், கட்டிலை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டாள், தண்ணீர் செம்பைத் தலைமாட்டில் வைத்தாள். வருகிறவர்கள் எல்லாரும் கஞ்சி கொண்டுவருகிறார்கள். எல்லாம் பாசம்தான். ஆனால் நோய் நொடி இல்லாத வயசானவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஒரு கிலோவுக்குப் பக்கமாகச் சதை குறைந்துபோனதாம். புற்றுநோய் வந்து, வயிற்றைக் கிழித்து, கீமோவும் ஏற்றின அம்மா உடம்புக்குக் கேட்க வேண்டுமா?

பெரியப்பாவின் கடைசி மாதங்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்குப் புற்றுநோய் கணையத்தில் வந்தது. சாப்பிடாததால்தான் இளைக்கிறார் என்று பெரியம்மா ஊட்டி ஊட்டிப் பார்த்தார். நோயே இப்படிச் சதையைக் கரைத்து இளைக்க வைப்பதை டாக்டர்கள் கேக்கெக்ஸியா என்கிறார்கள். ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தாலே அதைச் சந்தேகப்பட வேண்டும். சாதாரணப் பட்டினியில் உடம்பு முதலில் கொழுப்பைத்தான் அதிகமாக எரிக்கும், சதையைக் கூடுமானவரை காப்பாற்றிக்கொள்ளும். இந்த நோயில் அடுப்படியில் விறகு இருக்கும்போதே கூரைச் சட்டத்தை உருவி எரிக்கிற கதைதான். கட்டியும், அதோடு சண்டை போடுகிற நம் உடம்பும் சேர்ந்து விடுகிற சில ரசாயனங்கள் பசியை அடக்கிவிடுகின்றன, தசையிலிருக்கிற புரதத்தையும் உடைக்கின்றன. அதனால்தான் எவ்வளவு ஊட்டினாலும் அது சாப்பாட்டால் மட்டும் சரியாவதில்லை. பெரியம்மாவிடம் யாராவது இதை அப்போதே சொல்லியிருந்தால், தன் கைப்பக்குவத்தை நொந்துகொள்ளாமலாவது இருந்திருப்பார்.

அம்மாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் போகத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. எடை மெஷினில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. பாதம் வீங்கியிருந்ததால் அந்த நீரும் சேர்ந்து எடை காட்டும். காட்டிக்கொடுத்தது மோதிரம்தான். நழுவாமல் இருக்க உள்பக்கம் மஞ்சள் நூலைச் சுற்றிப் போட்டிருந்தாள். அப்புறம் நாற்காலி. கைப்பிடியில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து, ஒரு மூச்சு பிடித்துத்தான் எழுந்தாள். இத்தனை வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன், தொடையில் பலம் போனால் மனுஷன் எப்படி எழுவான் என்று எனக்குத் தெரியாதா?

கோயமுத்தூர் டாக்டரிடம் சொன்னேன். கட்டிக்காக எடுத்த அதே சி.டி. ஸ்கேனை எடுத்து, இடுப்பு முதுகெலும்பில் மூன்றாவது எலும்பு இருக்கிற மட்டத்தில் காட்டினார். அந்த ஒரு குறுக்குவெட்டில் தெரிகிற சதையின் பரப்பை வைத்தே மொத்த உடம்பில் எவ்வளவு இருக்கும் என்று கணிக்க முடியுமாம். சதை குறைந்தவர்களைக் கீமோவும் கூடுதலாகப் படுத்தும் என்றார். மருந்தின் அளவை உயரம், எடை பார்த்துத்தான் போடுகிறார்கள். அந்த எடையில் எத்தனை பங்கு சதை என்பது கணக்கில் வருவதில்லை.

பிறகு பிசியோ பெண் ஒருத்தியிடம் அனுப்பினார். உன்னைவிடச் சின்னவள். வாரத்தில் மூன்று நாள் அரைமணி நேரம் நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை என்று எழுதிக் கொடுத்தாள். நான் விசில் ஊதாத குறையாக நின்றதைப் பார்த்து, "சார், இங்கே யாரும் மாவட்டப் போட்டிக்குப் போகலை" என்றாள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவு. தசைக்கு, கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். சுவரில் கை வைத்துத் தள்ள வேண்டும். ரப்பர் பட்டையை இழுக்க வேண்டும். முதல் நாள் நாற்காலியிலிருந்து எழுந்ததும் அம்மா என்னைப் பார்த்து, "ஏனுங்க, என்னையக் கபடி டீமுல சேர்க்கப் போறீங்களா?" என்றாள். பிசியோ பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்வதில்லை, பயப்படாதே. காய்ச்சல் என்றால் பயிற்சி கிடையாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ரத்தம் உறைய உதவுகிற தட்டணு இறங்கியிருந்தால் ரப்பர் பட்டை எடுப்பதில்லை. வயிற்றுத் தையல் இருப்பதால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவிடுவதில்லை. புற்றுநோய் எலும்பில் பரவியவர்களுக்கு வேறு மாதிரிப் பயிற்சி, அதை அவர்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பெரிய தொல்லை பாதம். ஆக்சாலிபிளாட்டின் என்கிற கீமோ மருந்து ஏற்றின நாட்களில் ஃபிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தாலே விரலில் ஷாக் அடித்த மாதிரி இழுப்பாள். அது போய்விட்டது, ஆனால் பாதத்தில் மரத்துப்போனது இன்னும் தெளியவில்லை. ஒருநாள் செருப்பு ஒன்று கழன்று வாசலிலேயே கிடக்க, அவள் பாட்டுக்கு ஒற்றைக் காலில் செருப்போடு தெருமுனைவரை நடந்துவிட்டாள்!

சாப்பாட்டுச் சண்டை தனி. கோழி சூடு, முட்டை கூடாது என்று அத்தை கட்சி கட்டினாள். டயட்டீஷியன் சொன்னது, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம். அம்மா 54 கிலோ, அப்படியானால் ஒரு நாளைக்கு 54 முதல் 81 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. வெறும் அரிசிக் கஞ்சியில் எப்படிச் சேரும்? கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு, தயிர், முட்டை, கோழிக் குழம்பு என்று பிரித்துப் பிரித்துக் கொடுக்கிறேன். நீ அனுப்பின பவுடரையும் டயட்டீஷியனிடம் காட்டிவிட்டுத்தான் பாலில் கலக்குகிறேன். அம்மாவுக்கு வெனிலா வாசனை பிடிக்கவில்லை, அடுத்த முறை சாக்லேட் அனுப்பு.

நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். டாக்டர் சொன்ன ஆராய்ச்சி உன் கனடாக்காரர்கள் முன்னின்று நடத்தியது. நீங்கள் மாண்ட்ரியல் போகிற வழியில் கிங்ஸ்டன் வருமே, அங்கே குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிற குழு. ஆஸ்திரேலியாக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2009-ல் ஆள் சேர்க்க ஆரம்பித்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். அம்மாவுக்கு வந்த அதே பெருங்குடல் புற்றுநோய். ஆபரேஷனும் கீமோவும் முடிந்த 889 பேர். ஒரு பாதிக்கு உடற்பயிற்சி நல்லது என்று புத்தகம் கொடுத்தார்கள். மறுபாதிக்கு மூன்று வருஷம் ஒரு பயிற்சியாளர் கூடவே இருந்து பேசி, கேட்டு, நடக்க வைத்தார். ஐந்து வருஷம் கழித்து நோய் இல்லாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பக்கம் 80 சதவீதம், புத்தகப் பக்கம் 74. எட்டு வருஷத்தில் உயிரோடிருந்தவர்கள் 90, மறுபக்கம் 83. மூட்டு வலி, தசை வலி பயிற்சிக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகம், அதையும் மறைக்காமல் போட்டிருக்கிறார்கள். இது சிகிச்சை முடிந்தவர்களின் கணக்கு. பெரியப்பா மாதிரி முற்றியவர்களுக்குப் பயிற்சி மட்டும் சதையைத் திருப்பித் தரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கவனித்தாயா, இரண்டு கூட்டத்துக்கும் உடற்பயிற்சி நல்லது என்று தெரியும். ஒரு கூட்டத்துக்குக் கூட ஆள் இருந்தது. இங்கே நான் இருக்கிறேன், ஆனால் நாற்பது வருஷம் என் பேச்சைக் கேட்டுச் சலித்தவள் அவள். நான் கூப்பிட்டால் "நாளைக்குப் பார்க்கலாமுங்க" என்பாள். உன் போன் வந்தால் எழுந்து உட்காருகிறாள்.

அதனால் இப்படிச் செய். இங்கே காலை ஆறு மணி, உனக்கு இப்போது இரவு எட்டரை. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அந்த நேரத்தில் கூப்பிடு. நீயும் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டு பேசு. அவள் காதில் போனை மாட்டிக்கொண்டு பள்ளி மைதானத்தைச் சுற்றட்டும், நான் நாலு அடி பின்னால் வருகிறேன். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் "மெதுவாம்மா" என்று சொல். விடாமல் ஊர்க்கதை பேசினால் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல். அத்தையைப் பற்றிக் கேட்டால் அரைமணி தாராளமாக ஓடும்.

டிசம்பரில் வரும்போது மசாஜ் மெஷின் அது இது என்று எதுவும் தூக்கிக்கொண்டு வராதே. பாதத்தை இறுக்காத, பின்னால் பிடிமானம் உள்ள நடை ஷூ ஒரு ஜோடி போதும். பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு போட்டு, படம் எடுத்து அனுப்புகிறேன். சாயங்காலம்தான் போடுவேன், அப்போதுதான் வீக்கத்தோடு சேர்த்து அளவு சரியாக இருக்கும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா