பாய்மரப் படகு வாங்கும் குடும்பம் முதலில் ஏற வேண்டியது தராசில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு பாய்மரப் படகோட்டிப் பழக விரும்புவோருக்காகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்தப் பொருளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால், இருவர் செலுத்தும் பந்தயப் படகு வாங்க நினைப்பவர்கள் ஒலிம்பிக்கில் உள்ள 470 வகையையோ அதைவிடச் சிறிய 420 வகையையோ நேராக வாங்கிவிடலாம் என்று கட்டுரை முடிந்திருந்தது எனக்குக் கவலையளித்தது. அதே யோசனையைக் கேட்டு நடந்து, பதினொரு வயது மகளைத் தண்ணீரில் தேடிய தகப்பன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் பாய்மரப் படகு செலுத்தக் கற்றேன். கொடைக்கானலுக்குத் திரும்பிய பிறகு, மே விடுமுறையில் சென்னைக்குப் போய்ச் சிறிய பந்தயங்களில் கலந்துகொள்வதும், மற்ற மாதங்களில் மேல்மலையில் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்துக் குளத்தில் பழகுவதுமாக இருக்கிறோம். 1863இல் இங்கே ஏரியை அமைத்த லெவிஞ்ச் துரை தூத்துக்குடியிலிருந்து படகை மலையேற்றினார் என்று சொல்லிக்கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே கடலோரத்துப் படகு மலைக்கு வருவதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. எந்தப் படகு வருகிறது என்பதுதான் கேள்வி.

கட்டுரை சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். 470, 420 என்ற எண்கள் அந்தப் படகுகளின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பவை. 470ஐ ஆந்திரே கோர்னு என்ற பிரெஞ்சுக்காரர் 1963இல் வடிவமைத்தார்; 1976 முதல் அது ஒலிம்பிக்கில் இருக்கிறது; 2024 பாரிஸ் போட்டியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்த கலப்பு ஜோடிக்கு உரியதாக அது மாறியது. இரண்டு வகையிலும் ட்ரபீஸ் உண்டு. பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து தொங்கும் கம்பியை இடுப்புப் பட்டையின் கொக்கியில் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் காலூன்றி, உடல் முழுவதும் தண்ணீருக்கு மேலே வெளியே சாயும்படி முன்னால் இருப்பவர் நிற்க வேண்டும். அப்படி நின்று பாயின் இழுப்பை ஈடுகட்டுவதற்கு இருவரின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 110 முதல் 145 கிலோ வரை இருந்தால்தான் இந்தப் படகுகள் சரியாக நடக்கும்.

இதை எங்கள் 420ஐ வாங்கும்போது எனக்கு விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விபத்துக்குப் பிறகுதான் மூவரும் மேல்மலையில் காரட் மூட்டை போடும் கடைக்குப் போய், மூட்டைகளை இறக்கிய இடைவேளையில் மின்னணுத் தராசில் ஒவ்வொருவராக ஏறி நின்றோம். நான் 68, என் மனைவி 57, மகள் 34. நானும் மகளும் சேர்ந்தால் 102. அவளும் அம்மாவும் சேர்ந்தால் 91. நானும் மனைவியும் சேர்ந்தால் மட்டும் 125. அதாவது, எங்கள் வீட்டில் அந்தப் படகுக்குத் தோதான ஒரே ஜோடி, குழந்தையைக் கரையில் விட்டுவிட்டுப் போகும் ஜோடி.

நடந்தது இதுதான். ஆடி மாதம், பிற்பகல். குளத்தின் மேற்கே இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியிலிருந்து காற்று விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. நான் சுக்கானைப் பிடித்திருந்தேன். மகள் முன்பாயின் கயிற்றைப் பிடித்திருந்தாள். ஒரு வீச்சில் படகு அவள் பக்கமாகச் சாய்ந்தது. பாய்க் கயிற்றை நான் தளர்த்துவதற்குள் கவிழ்ந்துவிட்டது. நான் எழுந்து பார்த்தபோது அவளைக் காணவில்லை. தண்ணீரில் விரிந்து கிடந்த பாயின் நடுவில் ஓரிடம் மட்டும் மேலே புடைத்துப் புடைத்து அடங்கியது. அது அவள் கை. லைஃப் ஜாக்கெட் அவளைப் பாயோடு ஒட்டித் தூக்கி வைத்திருந்ததால் அவளால் கீழே முங்கி வெளியே வர முடியவில்லை. பாயின் ஓரத்தைத் தூக்கி அவளை இழுத்தேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு படகை நிமிர்த்தவும் முடியவில்லை. பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்தி நின்றுவிட்டது, நிமிர்த்துவதற்குப் பிடித்துத் தொங்க வேண்டிய சென்டர்போர்டு, அதாவது படகுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பலகை, அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மலைத் தண்ணீரின் குளிர் எப்படிப்பட்டது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரைக்கு வந்து கம்பளி போர்த்திய பிறகும் வெகுநேரம் அவள் பற்கள் அடித்துக்கொண்டன.

மலைக்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ஒரே வேகத்தில் வீசினாலும் இங்கே பாயில் விழும் அழுத்தம் குறைவுதான். இதைக் காட்டித்தான் பெரிய பாயுள்ள படகே மலைக்கு ஏற்றது என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால் காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மேல் அதன் விசை நான்கு மடங்காகும். சென்னையின் கடற்காற்று பிற்பகலில் ஒரே திசையிலிருந்து நிதானமாக ஏறும். மலையிலோ சும்மா கிடக்கும் காற்று ஒரு மூச்சில் இரு மடங்காகி, அடுத்த மூச்சில் திசை மாறிவிடும். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் அங்கே எந்த மூலைக்கு?

யார் எங்கே உட்காருவது என்பதிலும் நான் தவறு செய்தேன். ஓராண்டு முழுவதும் சுக்கான் என் கையிலேயே இருந்தது. பெரும்பாலான அப்பாக்கள் இப்படித்தான் செய்கிறோம் என்று நினைக்கிறேன். சுக்கானுக்கு வேண்டியது பலமல்ல, கவனம். அது குழந்தையிடம் நிறையவே இருக்கிறது. காற்று ஏறும்போது முன்பாயை இழுத்துக் கட்டுவதற்கும் வெளியே சாய்வதற்கும்தான் எடையும் பலமும் வேண்டும். இப்போது அவள் பின்னால் இருந்து செலுத்துகிறாள். நான் முன்னால் அவள் சொல்லுக்குக் கயிறு இழுக்கிறேன். பந்தயத்தில் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது “இப்ப, அப்பா” என்று அவள் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்காகவே இத்தனை பாடும் படலாம்.

அப்படியானால் எதை வாங்குவது? ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த இரண்டு படகுகளைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இரண்டையும் ஊக்குவித்து மக்களிடம் கொண்டுசேர்த்தவை நாளிதழ்கள் என்பதால், ஒரு நாளிதழுக்கு எழுதும்போது அதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. 1956இல் வந்த என்டர்பிரைஸ் 4.04 மீட்டர் நீளம், நீலப் பாய், ட்ரபீஸ் கிடையாது. 1982 தில்லி ஆசிய விளையாட்டிலும் அந்த வகைக்குப் போட்டி இருந்தது. பழைய என்டர்பிரைஸ் கவிழ்ந்தால் நிறையத் தண்ணீரை அள்ளிக்கொள்ளும் என்பது அதன் குறை. கவிழ்ந்தாலும் படகை மிதக்க வைக்கும் காற்றுப் பைகள் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

மற்றொன்று மிரர். தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை கற்றுக்கொடுத்த பாரி பக்னெலுடன் சேர்ந்து 1962இல் ஹோல்ட் உருவாக்கியது. சிவப்புப் பாய், 3.3 மீட்டர் நீளம், மரக்கூடு 45 கிலோ சொச்சம். பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடாவை ஒட்டி, வீட்டுக் கொட்டகையிலேயே கட்டும்படி அதை அமைத்தார்கள். 70,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. மலைக்காரர்களுக்கு அதன் இன்னொரு குணம் முக்கியம். பாய்மரம் இரண்டு துண்டாக இருப்பதால் எல்லாக் கழிகளும் படகின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். எங்கள் 420ஐ வத்தலக்குண்டிலிருந்து ஏற்றிவந்தபோது, ஆறு மீட்டருக்கு மேல் நீண்ட பாய்மரம் டம்டம் பாறைக்கு மேலுள்ள ஒவ்வொரு வளைவிலும் எதிரே வரும் பேருந்தின் கண்ணாடியை நோக்கித் திரும்பியதை நான் மறக்கவில்லை. பெற்றோரில் ஒருவரும் பிள்ளையும் சேர்ந்து பந்தயம் ஓடுவதற்கு மிரரைவிடப் பொருத்தமான படகு எனக்குத் தெரியவில்லை.

இருந்தும் நாங்கள் 420ஐ விற்றுவிட்டு வாங்கியது பழைய என்டர்பிரைஸ்தான். நாங்கள் போகும் இடத்தில் அந்த வகை இன்னும் சில இருந்தன. பந்தயம் என்றால் எதிரில் அதே வகைப் படகு வேண்டும். நீளமான பாய்மரத்தின் தொல்லை அதிலும் உண்டு. காய்கறி ஏற்றி இறங்கும் லாரி ஒன்றின் தயவில் அது தீர்கிறது. மகளுக்கு 15 வயதாகி, அவளும் ஒரு தோழியும் சேர்ந்து 110 கிலோவைத் தொடும் நாளில் 420ஐ நானே வாங்கித் தருவேன். அது நல்ல படகு. பதினொரு வயதுக்கும் அப்பாவுக்கும் உரிய படகு அல்ல, அவ்வளவுதான்.

அடுத்த பகுதி வெளிவரும்போது, படகுகளின் விலையும் நீளமும் தந்திருக்கும் அட்டவணையில் ஜோடியின் சேர்ந்த எடை, ட்ரபீஸ் உண்டா, கவிழ்ந்தால் இருவரில் சிறியவரால் தனியே நிமிர்த்த முடியுமா ஆகிய மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மே மாதத்துக்கு முன்பே அது வந்தால், விடுமுறைக்குப் படகு தேடும் குடும்பங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.