ஐந்தாம் பாகத்தை எந்த வயதில், எந்த வேகத்தில் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாம் பாகமான 'ஆர்டர் ஆஃப் த ஃபீனிக்ஸ்' குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த வாசகர் கருத்துகளைப் படித்தேன். சிறுவர் கதைக்கு இத்தனை இருட்டு ஆகாது என்கிறார்கள் ஒரு சாரார். ஹாரி எதற்கெடுத்தாலும் கத்துகிறான், படிக்கவே எரிச்சலாக இருக்கிறது என்கிறார்கள் இன்னொரு சாரார். பிள்ளைகள் இந்தப் புத்தகத்தை எந்த வேகத்தில் வந்து அடைகிறார்கள் என்பதை இரு சாராருமே கேட்கவில்லை. சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நான்காம் பாகம் வெளியானது 2000 ஜூலை 8 அன்று. ஐந்தாம் பாகம் வந்தது 2003 ஜூன் 21 அன்று. நடுவில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். நான்காம் பாகத்தை 11 வயதில் படித்த பிள்ளை, அடுத்ததைக் கையில் எடுத்தபோது 14ஐ நெருங்கியிருந்தது. இன்று ஏழு பாகங்களும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. ஒரு விடுமுறைக்குள் நான்கையும் முடித்துவிட்ட பத்து வயதுப் பிள்ளை, கல்லறைத் தோட்டத்தில் ஹாரியின் பள்ளித் தோழன் செட்ரிக் செத்து விழுந்ததைப் படித்த மறுநாளே ஐந்தாம் பாகத்தைத் திறக்கிறது. அதில் ஹாரிக்கு வயது 15. முதல் பாகம் பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம். இது 766 பக்கம், சுமார் 2,57,000 சொற்கள். வயது, கனம், நீளம் மூன்றும் ஒரே நேரத்தில் ஏறுவதால்தான் பல பிள்ளைகள் நடுவில் மூச்சுமுட்டிக் கைவிடுகிறார்கள்.

'இருட்டு' என்றதும் பெற்றோர் பேய், பூதத்தை நினைக்கிறார்கள். மகிழ்ச்சியை உறிஞ்சும் சிறைக்காவலர்களான டிமென்டர்கள் மூன்றாம் பாகத்திலேயே வந்தாயிற்று. பிள்ளைகளுக்கு அவை பழகிவிட்டன. இந்தப் பாகத்தில் புதிதாக வருவது பெரியவர்கள் செய்யும் கொடுமை. ஹாரியின் பெற்றோரைக் கொன்ற கொடிய மந்திரவாதி வோல்டமோர்ட் திரும்பிவிட்டான் என்ற உண்மையை மந்திர அமைச்சர் ஃபட்ஜ் ஏற்க மறுக்கிறார். டெய்லி ப்ராஃபெட் நாளிதழ் ஹாரியைப் பொய்யன், விளம்பரப் பிரியன் என்று நாள்தோறும் கேலி செய்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அமைச்சகம் அனுப்பிய ஆசிரியை அம்பிரிட்ஜ்.

13ஆம் அத்தியாயத்தை, பிள்ளைக்குக் கொடுக்கும் முன் பெரியவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 'நான் பொய் சொல்லக் கூடாது' என்று ஹாரியை அம்பிரிட்ஜ் எழுதவைக்கிறார். பேனாவுக்கு மை கிடையாது. எழுதும் ஒவ்வொரு சொல்லும் அவன் கையின் பின்புறத்தில் கீறலாக விழுகிறது. தாளில் படிவது அவன் ரத்தம். இதில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது ரத்தம் அல்ல. யாரிடமாவது சொல் என்று நண்பர்கள் கெஞ்சியும் ஹாரி ஆசிரியை மெக்கோனகலிடமோ தலைமையாசிரியர் டம்பிள்டோரிடமோ வாய் திறப்பதில்லை. கதைக்குள் அது அவனுடைய வீம்பு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது புரியும். ஒன்பது வயதுப் பிள்ளை அதை வீரம் என்று எடுத்துக்கொள்ளும். வலியை மறைப்பதுதான் தைரியம் என்ற எண்ணம் அப்படியே பதிந்துவிடும். ஆகவே அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து, ஓர் ஆசிரியர் இப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஹாரியின் கோபம். இதை எழுத்தின் குறை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கண்ணெதிரே ஒரு நண்பன் கொல்லப்பட்டு ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அவனை உறவினர் வீடு இருக்கும் பிரிவெட் டிரைவில் விட்டுவிட்டு, ஒரு செய்தியும் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். ஏதாவது காதில் விழாதா என்று ஜன்னலுக்கு அடியில் பூச்செடிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு தொலைக்காட்சிச் செய்தியைக் கேட்கிறான். நண்பர்களின் கடிதத்தில் விஷயமே இருப்பதில்லை. டம்பிள்டோர் அவன் முகத்தைப் பார்ப்பதையே தவிர்க்கிறார். காரணம் 37ஆம் அத்தியாயத்தில்தான் தெரிகிறது. இத்தனைக்கும் பிறகு நான்காம் அத்தியாயத்தில் அவன் ரானிடமும் ஹெர்மயனியிடமும் வெடிக்காமல் இருந்திருந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும். நீளம் பற்றிய புகார் மட்டும் நியாயமானது. ஹாரியின் நண்பர் ஹாக்ரிட்டின் ராட்சதத் தம்பி க்ராப் வரும் பகுதிகளை வேகமாகக் கடந்துபோகலாம்.

மாறாக, 23ஆம் அத்தியாயத்தையும் 28ஆம் அத்தியாயத்தையும் அவசரமாகப் படிக்கவே கூடாது. முன்னதில் ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலின் பெற்றோர் மருத்துவமனையில் இருக்கிறார்கள். சித்திரவதையால் புத்தி பேதலித்துப்போன தாய் மகன் கையில் ஒரு மிட்டாய்க் காகிதத்தைக் கொடுக்கிறாள். பின்னதில், தான் கும்பிட்டு வந்த தகப்பன் பள்ளி நாட்களில், இப்போது ஹாரியின் ஆசிரியராக இருக்கும் ஸ்நேப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அவமானப்படுத்தியதை ஹாரி பார்க்கிறான். சிறியவர்கள் இதைச் சட்டென்று தாண்டிவிடுவார்கள். பெரிய பிள்ளைகளைத்தான் இது உலுக்கும், உலுக்கவும் வேண்டும்.

ஹாரியின் ஞானத்தந்தை சீரியஸின் மரணம் 35ஆம் அத்தியாயத்தில். வோல்டமோர்ட்டின் கூட்டாளி பெல்லாட்ரிக்ஸின் மந்திர ஒளி மார்பில் பட, அவன் வளைவில் தொங்கும் திரைக்குப் பின்னால் விழுகிறான். என்ன மந்திரம் என்று புத்தகம் சொல்வதில்லை. உடல் கிடைப்பதில்லை, இறுதிச்சடங்கும் இல்லை. அதனால்தான் பிள்ளைகள் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்க்கிறார்கள். கடைசிவரை அவன் திரும்பி வருவான் என்று காத்திருக்கிறார்கள். இந்தப் பாகத்தின் திரைப்படத்தில் கொலை மந்திரத்தையே வெளிப்படையாக உச்சரிக்கவைத்துவிட்டதால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அந்தத் தவிப்பும் போய்விட்டது. இரவுப் படிப்பை 35இல் நிறுத்தாதீர்கள். 35 முதல் 38 வரை ஒரே பகலில் படிக்கட்டும். 38இல் சீரியஸ் கொடுத்திருந்த கண்ணாடியை ஹாரி முதன்முறையாகப் பிரித்துப் பார்க்கிறான். முன்பே பிரித்திருந்தால் அதன் வழியாகச் சீரியஸோடு பேசியிருக்கலாமே என்று பிள்ளைகள் அழுவது பெரும்பாலும் இங்கேதான். அதே அத்தியாயத்தில், ஒன்பது வயதில் தாயை இழந்த பள்ளித் தோழி லூனா ஹாரியோடு பேசுகிறாள். புத்தகத்திலேயே ஆறுதல் தரும் பேச்சு அதுதான். அங்கு வந்து சேராமல் ஒரு பிள்ளை தூங்கப் போகக் கூடாது.

உரக்கப் படித்துக் காட்டுவது இந்தப் பாகத்துக்கு மிகவும் ஏற்றது. நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்துக்கொண்டால் 28 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். தினம் அரை மணி என்றால் இரண்டு மாதம். அந்த நிதானமே பாதி மருந்து. படத்தை முதலில் காட்டிப் பழக்கிவிடலாம் என்ற யோசனை வேண்டாம். வரிசையின் மிக நீளமான புத்தகத்தை 138 நிமிடத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள். நெவிலின் பெற்றோர் இருக்கும் மருத்துவமனைக் காட்சி அதில் கிடையாது.

பிள்ளை இன்னும் சிறியது, ஆனால் வரிசையை ஆரம்பித்துவிட்டது என்றால் எங்கே நிறுத்துவது? பலர் நான்காம் பாகத்தின் முடிவில் நிறுத்தப் பார்க்கிறார்கள். அது நடக்காது. எதிரி உயிர்பெற்று வந்த நிலையில் முடிகிற கதையை எந்தப் பிள்ளை அடுத்த ஆண்டுவரை விட்டுவைக்கும்? மூன்றாம் பாகத்தின் முடிவில் நிறுத்துங்கள். அங்கே சீரியஸ் உயிரோடு தப்பிப் பறந்துபோகிறான், ஹாரிக்கு அவனிடமிருந்து கடிதமும் வருகிறது. பிள்ளை நிம்மதியாகப் புத்தகத்தை மூடும். பிரிட்டனில் முதல் மூன்று படங்களுக்கு பிஜி (பெற்றோர் வழிகாட்டுதல்) சான்றிதழும், நான்காவதிலிருந்து 12ஏ (12 வயதுக்குக் குறைந்தவர் பெரியவரோடு மட்டுமே பார்க்கலாம்) சான்றிதழும் தரப்பட்டன. கோடு விழுந்திருப்பது அதே இடத்தில்தான்.

தங்கள் நாளிதழின் சிறுவர் நூல் அறிமுகங்களில் வரிசை முழுவதற்கும் சேர்த்து ஒரே வயதை அச்சிடும் வழக்கத்தை மாற்றி, பாகம் பாகமாக வயதைக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்